சீனியை விட்டோம், இனிப்பை விட்டோமா?



2025-ஆம் ஆண்டு மார்ச்சில் நமது தவக்காலமும் றமழான் மாதமும் ஒன்றாக வந்தன. 5-ஆம் திகதி புதன்கிழமை நாம் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட வேளை, நம் முஸ்லிம் சகோதரர்கள் நோன்பின் முதல் வாரத்தில் இருந்தார்கள். அந்நாள்களில் ஒரு மாலை, வத்தேகமைக்கு அப்பால் உள்ள தோட்டமொன்றில் நோயாளருக்கு நற்கருணை கொடுத்துவிட்டுக் கண்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மடவளைக் கடைத்தெருவை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே எனக்கு நெடுநாள் பழக்கமான கடைக்காரர் ஒருவர் உண்டு. ஊரார் அவரை ஹாஜியார் என்றே அழைப்பார்கள், நானும் அப்படித்தான். "பாதர், நோன்பு துறக்கிற நேரத்தில வாசலைத் தாண்டிப் போகப்படாது" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார்.

பாங்கு ஒலித்தது. ஒவ்வொருவரும் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயிலிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை. அன்று முழு நோன்பு பிடித்திருந்த ஹாஜியாரின் பேரனுக்குப் பத்து வயதிருக்கும். அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு பழத்தை மெதுவாக மென்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிட இனிய பண்டம் உலகில் உண்டென்று அவனிடம் அந்நேரம் யாரும் சொல்லியிருக்க முடியாது. பிறகு கஞ்சி வந்தது. அதன்பின் தேநீர் வந்தது.

"பாதருக்குச் சீனி எத்தனை கரண்டி?"

"வேண்டாம் ஹாஜியார். எங்களுக்கும் இது நோன்புக் காலம். ஈஸ்டர் வரைக்கும் நான் சீனியை விட்டிருக்கிறேன்" என்று சற்றுப் பெருமையோடேயே சொன்னேன். சொல்லிவிட்டுப் பையிலிருந்த சிறு டப்பியை எடுத்து இரண்டு குளிசைகளைத் தேநீரில் தட்டினேன்.

பையன் அதைக் கவனித்துக்கொண்டிருந்தான். "அது மருந்தா பாதர்?"

"இல்லை மகன். இனிப்பு."

"அப்ப நீங்க எதை விட்டீங்க?"

பெரியவர்களிடம் அப்படிக் கேட்கக் கூடாது என்று ஹாஜியார் அவனை அதட்டினார். நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் பொல்கொல்லை அணைக்கட்டை நெருங்குமுன்பே அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

விலை கொடாத காணிக்கை

சில ஆண்டுகளுக்கு முன் என் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், சீனியின் அளவு எல்லைக்கோட்டில் நிற்பதாகச் சொன்னார். சீனியைக் குறையுங்கள், தினமும் நடவுங்கள், பலகார வகைகளை அளவோடு உண்ணுங்கள் என்று மூன்று புத்திமதி தந்தார். நான் முதலாவதை மட்டும், அதையும் எனக்கு இலகுவான வழியில் நிறைவேற்றினேன். சீனி இருந்த இடத்தில் குளிசையை வைத்தேன். முன்பு நாளுக்கு நாலு கோப்பை தேநீர் குடித்தவன், 'இதில்தான் சீனி இல்லையே' என்று ஆறு, ஏழு கோப்பைக்கு ஏறினேன். வீடு சந்திக்கப் போகும் இடங்களில் தட்டில் வைக்கும் கேக்கை முன்பு பாதியோடு நிறுத்திவிடுவேன். பிறகு முழுத் துண்டையும் உண்ணலானேன். தேநீரில் மிச்சம் பிடித்ததைக் கேக்கில் செலவழித்தேன் என்றால் பொருந்தும்.

தவக்காலம் வந்ததும், எப்போதோ விட்டுவிட்ட சீனியையே மறுபடி எடுத்து ஒறுத்தல் என்று ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். தனக்கு இலவசமாக வந்த களத்தையும் மாடுகளையும் கொண்டு பலி செலுத்த மறுத்து, விலை கொடுத்து வாங்கிய பின்னரே பலியிட்ட தாவீது அரசரைப் பற்றி எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! அந்தச் சிறுவன் கேட்ட கேள்வி, நான் பிரசங்கித்ததையே என்னிடம் திருப்பிக் கேட்டது.

சீனியைக் குறைப்பது ஒன்று; இனிப்பைக் குறைப்பது வேறொன்று. முதலாவதைப் பற்றி இன்று பத்திரிகை, வானொலி, மருத்துவமனைச் சுவர் எல்லாம் பேசுகின்றன. இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. செயற்கை இனிப்பை நம் அன்றாட உணவிலும் பானத்திலும் குறைக்க வேண்டுமா, வேண்டுமானால் எதற்காக என்பதே நாம் இன்று சிந்திக்க எடுத்துக்கொண்ட விடயம்.

தற்செயலாகக் கிடைத்த இனிப்பு

முதலில் இப்பொருள்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். 1879-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த கொன்ஸ்தாந்தின் பால்பேர்க் என்ற இரசாயன அறிஞர், கையைச் சரியாகக் கழுவாமல் உணவுக்கு உட்கார்ந்தார். பாண் இனித்தது. இனித்தது தம் விரல்களில் ஒட்டியிருந்த பொருள் என்று கண்டார். அதுவே சக்கரின். அது சீனியைப் போல் ஏறக்குறைய 300 மடங்கு இனிப்புடையது. 1937-இல் சைக்கிளமேற்று, ஆய்வுக்கூட மேசையில் வைத்த சிகரெட்டை மறுபடி வாயில் வைத்த ஒருவரின் உதட்டில் அகப்பட்டது. 1965-இல் வயிற்றுப்புண் மருந்து தேடிய ஜேம்ஸ் ஷ்லற்றர், தாளொன்றை எடுக்க விரலை நாவில் தொட்டபோது அஸ்பார்ற்ரேம் கிடைத்தது. அது சீனியைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு இனிக்கும். 1976-இல் இலண்டனில் கண்டுபிடிக்கப்பட்ட சுக்கிரலோசு ஏறக்குறைய 600 மடங்கு.

இவற்றில் எதையும் பசித்தவனுக்காக எவரும் தேடவில்லை. பெரும்பாலும் விரல் நுனியிலும் உதட்டிலும் தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்டவை. சக்கரின் பரவியதற்கு முதலாம் உலகப் போர்க்காலச் சீனித் தட்டுப்பாடு பெரிய காரணம். அன்று அது இல்லாமைக்கு வந்த மாற்று. இன்று நாம் செயற்கை இனிப்பைத் தேடுவது சீனி கிடைக்காததால் அன்று. சீனி மிஞ்சிப் போனதால்.

இதற்கு நேர் எதிரே நம் கண்டி மலைகளின் பழைய இனிப்பை வைத்துப் பாருங்கள். நக்கிள்ஸ் மலைச்சாரல்களில் கித்துள் மரமேறுகிறவர் காலையிலும் மாலையிலும் ஏறிப் பாளையைச் சீவி, பதநீரை இறக்கி, விறகடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சினால்தான் ஒரு போத்தல் பாணி. ஆகவே அது விருந்தாளிக்கும் திருநாளுக்கும் என்று வைக்கப்பட்டது. 1970-களில் சீனி பங்கீட்டில் வந்த காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் மறக்கவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டோ, கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டோ சாயத்தண்ணி குடித்தவர்கள் அவர்கள். அந்த வறுமையை நான் புகழவில்லை. ஆனால் அக்காலத்தில் இனிப்புக்கு ஓர் எல்லை வெளியிலிருந்து கிடைத்தது. மரத்தின் உயரமும் பங்கீட்டு அட்டையும் அந்த எல்லையைப் போட்டன. இன்று அந்த எல்லை எதுவும் இல்லை. இனி எல்லை உண்டானால் அது உள்ளிருந்துதான் வர வேண்டும்.

நம் நாட்டின் நிலை

சீனி வருத்தம் என்று நாம் சொல்லும் நீரிழிவு இந்நாட்டில் எளிதாக எண்ணத்தக்க நிலையில் இல்லை. 2018, 2019-ஆம் ஆண்டுகளில் நாடளாவிய முறையில் நடந்த உடல்நல, முதுமை ஆய்வு, வளர்ந்தோரில் ஏறக்குறைய நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நாலைந்து பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். பங்குவிசாரணைக்குப் போகும் குருவானவர் எவரும் இந்தக் கணக்கைக் கேட்டு வியப்படையமாட்டார். இன்சுலின் போத்தல் வைத்த குளிர்சாதனப் பெட்டிகளை அவர் நிறையக் கண்டிருப்பார்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2016 ஆகஸ்டில் மென்பானப் போத்தல்களுக்கு நிறக் குறியீடு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2-க்குக் குறைந்தால் பச்சை. 2017 நவம்பரில் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டத்தில் பானத்திலுள்ள சீனிக்குக் கிராமுக்கு 50 சதம் என்று வரி விதிக்கப்பட்டது. இரண்டும் நல்ல நோக்கமுடையவை; பாராட்டத்தக்கவை.

எனினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நிறம் சீனியின் கிராமைத்தான் எண்ணுகிறது; இனிப்பை எண்ணுவதில்லை. சீனியை எடுத்துவிட்டுச் செயற்கை இனிப்பை ஊற்றினாலும் போத்தலில் பச்சை வட்டம் வந்துவிடும். முன்பைப் போலவே இனிக்கிற அந்தப் பானத்தை, 'பச்சைதானே' என்று சொல்லித் தாய் பிள்ளையின் கையில் கொடுக்கிறாள். சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது. பிள்ளையின் நாக்கோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அச்சமும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்

இவ்விடத்தில் நிதானம் தேவை. செயற்கை இனிப்பு நஞ்சு என்று வீடுவீடாகப் பயங்காட்டித் திரிவோரும் உண்டு. உண்மையைச் சொல்வோம். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், அஸ்பார்ற்ரேம் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதற்கு வரையறுக்கப்பட்ட சான்றுகளே உள்ளதாகக் கூறி, அதைச் 'சாத்தியமுள்ளது' என்ற வகுப்பில் வைத்தது. அதே நாளில் உணவுச் சேர்மானங்களை ஆராயும் நிபுணர் குழு, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் வரை கொள்ளலாம் என்ற பழைய அளவை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் இந்த அளவைக் கடக்க ஒரு நாளில் 9 முதல் 14 டின் வரையான பானத்தைக் குடிக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரு கோப்பைத் தேநீரில் போட்ட குளிசைக்காக எவரும் நித்திரையின்றித் தவிக்கத் தேவையில்லை.

அசட்டைக்கும் இடமில்லை. 2023 மே மாதத்தில் அதே உலக சுகாதார நிறுவனம் மற்றொரு வழிகாட்டுதலை வெளியிட்டது. உடல் எடையைக் கட்டுப்படுத்தவோ, நீரிழிவு, இருதய நோய் முதலியவை வராமல் தடுக்கவோ செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்பது அதன் சாரம். நீண்ட காலத்தில் அது உடற்கொழுப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை. மிகுதியாகப் பாவித்தோரிடம் நீரிழிவும் இருதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால், நோய் வரக்கூடிய நிலையிலிருந்தோரே அவற்றை அதிகம் நாடியிருக்கலாம் என்பதையும் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, தன் பரிந்துரையை நிபந்தனைக்கு உட்பட்டதாகவே வைத்தது. இலைச்சாற்றிலிருந்து எடுக்கும் ஸ்டீவியாவையும் அது இப்பட்டியலில் சேர்த்தது. 'இயற்கையானது' என்ற விளம்பரச் சொல்லில் மயங்குவோர் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

இந்த வழிகாட்டுதல் ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குரியது அன்று என்று அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு தாய், கால் விரலொன்றை இழந்தபின், மருத்துவர் சொன்னபடி ஒரு குளிசை போட்டுக் காலைத் தேநீரைக் குடிக்கிறாள். அந்த நாளில் அவளுக்குள்ள சிறு ஆறுதல் அதுவே. அவளிடம் போய் ஒறுத்தலைப் பற்றிப் பிரசங்கிப்பவன் அன்பையும் அறியான், அறத்தையும் அறியான். நோயாளியின் கோப்பைக்கு மருத்துவரே அதிகாரி. இக்கட்டுரை, என்னைப் போல், நோய்க்கு முன்னே நின்றுகொண்டு குறுக்குவழி தேடுகிறவர்களுக்கு.

இது பாவமா?

வாசகர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "அப்படியானால் சுவாமி, இது பாவமா?" நேராகவே பதில் சொல்கிறேன்: பாவமன்று. ஆனால் பாவமில்லாத எல்லாம் நமக்கு நல்லவை என்று யார் சொன்னது?

ஞானோபதேசத்தில் நாம் படித்த தலையான பாவங்கள் ஏழில் போசனப்பிரியம் ஒன்று. அதைக் கேட்டதும் பெருந்தீனி தின்கிறவனின் வயிறுதான் நம் மனக்கண்ணில் வரும். ஆனால் பாப்பரசர் முதலாம் கிரகோரியார் அதற்கு ஐந்து வடிவங்களை எண்ணினார். புனித தோமஸ் அக்குவினாஸ் அவற்றை எடுத்து விளக்கினார். நேரத்துக்கு முன்னே உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, அளவு மிஞ்சுவது, பறந்தடித்து உண்பது, சுவையின் பக்குவத்திலேயே கருத்தாயிருப்பது ஆகியவை அவை. இந்த ஐந்தில் அளவைப் பற்றியது ஒன்றே. மற்ற நான்கும் மனத்தைப் பற்றியவை. செயற்கை இனிப்பு கலோரியின் அளவைக் குறைக்கிறது, உண்மை. பறப்பையும் பக்குவம் தேடும் ஆசையையும் அது தொடுவதேயில்லை. சில வேளைகளில் 'கணக்கில் சேராது' என்று சொல்லி அவற்றுக்குத் துணையும் போகிறது.

கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த அரிஸ்தோத்தல் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டினார். ஒருவனுக்குத் தவறான ஆசை எழுகிறது. அவன் போராடி அதை அடக்குகிறான். அவன் தன்னை அடக்குபவன். மற்றொருவனுக்கு ஆசையே அளவோடு எழுகிறது. அவனே மட்டுத்திட்டம் உள்ளவன். முதலாமவன் மதிக்கத்தக்கவன், இரண்டாமவன் மேலானவன். நம் காலம் மூன்றாமவன் ஒருவனை உண்டாக்கியிருக்கிறது. அவன் ஆசையை அடக்கவும் இல்லை, ஆசை அளவுக்கு வரவும் இல்லை. ஆசையின் விளைவை மட்டும் நீக்கிக்கொண்டான். தண்டனை இல்லாத இன்பம் கிடைத்தபின் தன்னடக்கம் எதற்கு என்று கேட்கிறான்.

நியாயமான கேள்விதான். எனக்கு வேண்டிய ஆசிரியர் ஒருவர் இதையே வேறு விதமாகக் கேட்டார்: "சுவாமி, ஒருவருக்கும் கெடுதி இல்லாத இன்பத்தை ஏன் குறைக்க வேண்டும்? கஷ்டப்படுவதே புண்ணியமா?" இல்லை. கஷ்டம் தன்னளவில் புண்ணியமன்று. கசப்பைக் கடவுள் விரும்புகிறார் என்று நினைப்பது அவரை அறியாமை. நீதிமொழிகள் ஆகமம் தேனைப் பற்றி எச்சரிக்கும் இடத்திலும் தேனைப் பழிக்கவில்லை. போதுமான அளவைத்தான் நினைப்பூட்டுகிறது. நிறைந்த வயிறு தேன்கூட்டையும் மிதிக்கும், பசித்தவனுக்குக் கசப்பும் இனிக்கும் என்ற கருத்தையும் அதே ஆகமத்தில் காண்கிறோம். மடவளையில் அந்தச் சிறுவன் மென்ற பேரீச்சம்பழம் அதற்குச் சாட்சி. பகல் முழுவதும் இனிப்பில்லாமல் இருந்தவனே இனிப்பை அறிந்தான். இரண்டு குளிசை போட்டுத் தேநீர் குடித்த எனக்கோ அது இனித்ததா என்பதே நினைவில்லை. இடைவிடாத இனிப்பு இனிப்பையே கொன்றுவிடுகிறது. இனிப்பைக் குறைக்கச் சொல்வது இன்பத்தைப் பறிப்பதற்காக அன்று. இழந்துபோன இன்பத்தைத் திரும்பப் பெறுவதற்காகவே.

இங்கே விஞ்ஞானமும் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2016-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. உணவில் சீனியைப் பெரிதும் குறைத்து மூன்று மாதம் இருந்தவர்களுக்கு, முன்பு கொடுத்த அதே இனிப்புப் பண்டத்தைக் கொடுத்தபோது அது முன்னைவிட அதிகமாக இனித்தது. நாக்கு கூர்மை பெற்றுவிட்டது. ஆனால் எவ்வளவு இனிப்பு வேண்டும் என்ற விருப்பம் மாறவில்லை. பழைய உணவுக்குத் திரும்பியதும் அந்தக் கூர்மையும் போய்விட்டது. ஆய்வாளர்கள் நாக்கைப் பற்றி எழுதினார்கள். எனக்கோ அது ஆன்மாவைப் பற்றி எழுதியது போல் இருந்தது. உடல் மூன்று மாதத்தில் கற்றுக்கொள்கிறது. விருப்பமோ தானாகக் கற்றுக்கொள்வதில்லை. அதைத் தினமும் கைப்பிடித்து நடத்த வேண்டும். அதற்குப் பெயர்தான் புண்ணியப் பழக்கம்.

அவ்வாறு நடத்தத் தெரிந்தவனே சுதந்திரன். இனிப்புக் கிடைத்தால் நன்றியோடு உண்பான். கிடைக்காவிட்டால் அமைதி குலையான். என் டப்பியை மறந்துவிட்டு நோயாளியைப் பார்க்கப் போன ஒரு நாளில், அந்த ஏழை வீட்டார் அன்போடு கொடுத்த தேநீரைப் பாதியில் வைத்தேன். அன்று என்னை ஆண்டது எது? ஒரு நெல்மணி அளவு கூட இல்லாத ஒரு குளிசை. எல்லாவற்றுக்கும் எனக்கு உரிமை உண்டு, ஆனால் எதற்கும் நான் அடிமையாகேன் என்ற பொருளில் கொரிந்தியருக்கு எழுதிய பவுலடியார், சிறிய காரியங்களையும் மனத்தில் வைத்தே எழுதியிருப்பார்.

குழந்தையின் நாக்கு

பெரியவர்களாகிய நம் நாக்கு நம் பொறுப்பு. குழந்தையின் நாக்கோ நம் கையில் ஒப்படைக்கப்பட்டது. இங்கே காரியம் விருப்பத்தைக் கடந்து நீதிக்கு வந்துவிடுகிறது.

பிறந்த குழந்தை இனிப்பை விரும்பும், அது இயற்கை. எவ்வளவு இனிப்பைச் சாதாரணம் என்று கொள்ள வேண்டும் என்பதை அது நம் மேசையில்தான் கற்றுக்கொள்கிறது. தாகத்துக்கும் இனிப்பு, பாடசாலை விட்டு வந்தால் இனிப்பு, அழுதால் இனிப்பு என்று வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீர் சுவையற்றதாகிவிடும். மாம்பழமும் ஆனைவாழைப்பழமும் மங்கிப்போய்விடும். போத்தலில் உள்ளது சீனியா, சக்கரினா என்பது அந்தப் பாடத்தை மாற்றாது. சீனி இல்லை என்பதால் பல் தப்பலாம், பழக்கம் தப்பாது. பத்து வருடத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை தன் கையால் கரண்டியைப் பிடிக்கும்போது எத்தனை கரண்டி போடும்? அந்த எண்ணை நாம் இன்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டில் செய்யக்கூடியவை

உபதேசத்தோடு நிறுத்தினால் பயனில்லை. குடும்பங்களில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வாசியுங்கள். 'சீனி சேர்க்கப்படவில்லை' என்ற பெரிய எழுத்தோடு நின்றுவிடாமல், பின்புறத்துச் சிறிய எழுத்தையும் பாருங்கள். 950 அசெசல்பேம், 951 அஸ்பார்ற்ரேம், 952 சைக்கிளமேற்று, 954 சக்கரின், 955 சுக்கிரலோசு, 960 ஸ்டீவியா. பானத்தில் மட்டுமன்றி யோகட், ஜாம், சூயிங்கம், இருமல் பாணி ஆகியவற்றிலும் இந்த எண்கள் இருக்கலாம். பினைல்கீற்றோனூரியா என்ற அரிய பிறவிக் குறையுள்ள பிள்ளைகளுக்கு அஸ்பார்ற்ரேம் ஆகாது என்பதையும் அறிந்திருங்கள்.

இரண்டாவது, படிப்படியாக இறங்குங்கள். இரண்டு குளிசை போடுகிறவர் ஒன்றாக்கி இரண்டு வாரம் இருங்கள், பிறகு பாதியாக்குங்கள். குளிசையை விட்டுவிட்டுச் சீனிக்குத் திரும்புவது தீர்வன்று. அது சேற்றில் கழுவிய கால். நீரிழிவுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் எதையும் மாற்ற வேண்டாம்.

மூன்றாவது, தாகத்தையும் இனிப்பையும் பிரித்துவிடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர். மேசை நடுவில் தண்ணீர்ச் செம்பு இருக்கட்டும். இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேநீருக்கு ஒரு மாதம் இடம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையிலோ திருநாளிலோ தயிரும் கித்துள் பாணியும் உண்ணுங்கள், மகிழ்ச்சியோடு உண்ணுங்கள். திருநாள் திருநாளாக இருக்க வேண்டுமானால் சாதாரண நாள் சாதாரணமாக இருக்க வேண்டும்.

நான்காவது, விருந்தோம்பலைச் சற்றுத் திருத்துங்கள். கேளாமலே மூன்று கரண்டி போடுவது அன்பு என்று நாம் பழகிவிட்டோம். "எவ்வளவு போடட்டும்?" என்று கேட்பதும் அன்பே. 'வேண்டாம்' என்பவரை வற்புறுத்தாதிருப்பது அதைவிட அன்பு.

ஐந்தாவது, விட்டதன் பலன் மற்றொருவருக்குப் போய்ச் சேரட்டும். 1791-இல் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தேநீரில் சீனியை விட்டன. மேற்கிந்தியத் தீவுகளின் சீனி அடிமைகளின் இரத்தத்தால் விளைந்தது என்பதே காரணம். அவர்கள் தங்கள் உடம்பை எண்ணி விடவில்லை. கடலுக்கு அப்பால் முகம் தெரியாத மனிதனை எண்ணி விட்டார்கள். தேயிலையை உலகுக்கு அனுப்பும் மலைகளில் வாழும் நமக்கு, கோப்பைக்குப் பின்னே ஒரு தொழிலாளியின் கை உண்டு என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாங்காமல் விட்ட மென்பானத்தின் விலையை ஓர் உண்டியலில் போட்டு வாருங்கள். இன்சுலின் வாங்க வழியில்லாத ஒருவர் உங்கள் பங்கிலேயே இருப்பார்.

முடிவாக, என் சொந்தக் கணக்கையும் ஒப்புவித்துவிடுகிறேன். அந்தத் தவக்காலத்தின் மிகுதி நாள்களில் டப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். முதல் வாரம் தேநீர் வெறும் கசப்பாயிருந்தது, கோபமும் வந்தது. மூன்றாம் வாரத்தில் தேயிலையின் வாசனை தெரியத் தொடங்கியது. இத்தனை வருடம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வாழ்ந்தும் நான் அறியாத வாசனை அது. பாஸ்கா முடிந்த பின் இரண்டு தடவை தவறி மறுபடி டப்பியைத் திறந்ததும் உண்டு. ஆறு, ஏழு கோப்பைகள் இப்போது மூன்றாகியிருக்கின்றன. நடப்பதைப் பற்றி மருத்துவர் கேட்டால் இன்னும் வாய் திறக்க முடியவில்லை.

மடவளை வழியே போகும்போது ஹாஜியாரின் கடையில் இறங்குவேன். "பாதருக்குச் சீனி?" என்று அவர் கேட்பார். "ஒன்றும் வேண்டாம் ஹாஜியார்" என்பேன். பேரன் என் கையைப் பார்ப்பான். கை பைக்குப் போகிறதா என்று பார்க்கிறான் போலும்.